புல் முடிந்திட்ட வழி

முதுகிலே ஒரு பொதி, மடியிலே சிறிது பணம், ஏறிச் செல்ல உள்ளூர்ப் பேருந்து, அதுவும் எட்டாத இடத்துக்கு வாடகை மோட்டார்ச் சைக்கிள். இவ்வளவோடு தென்கிழக்காசியாவின் மலைநாடுகளைச் சுற்றிவரும் இளைஞர் தொகை இந்நாளிற் பெருகியுள்ளது. மேலைநாட்டாரிடையே பரவிய இவ்வழக்கத்தை நம்மவரின் பிள்ளைகள் சிலரும் மேற்கொண்டுள்ளனர். வீண் அலைச்சல் என்று இதனை ஒதுக்கும் பெரியோர் உளர். நாம் ஒதுக்க விரும்பவில்லை. ஆயின் சென்று மீண்டோர் கொணர்ந்து தருவது யாது என்று கேட்கும் உரிமை, இருந்த இடத்திலிருந்தே படிக்கும் நமக்கு உண்டு.

தாய்லாந்தின் வடமேற்கிலுள்ள மே ஹோங் சோன் என்னும் மலைநகரைச் சூழ்ந்து வரும் பாதையில் 1864 வளைவுகள் உள்ளன என்பர். அவற்றைக் கடந்து வந்தோர்க்குச் சான்றிதழ் தருவதும் உண்டாம். வளைவை எண்ணிச் சான்றிதழ் பெறுவதில் குற்றமில்லை; இளமைக்கு அதுவும் ஒரு விளையாட்டு. எனினும், பயணம் பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பகுதி அவ்வெண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. எத்தனை வளைவு, எத்தனை நாள், எவ்வளவு குறைந்த செலவு, எத்துணைத் துன்பம் என்ற கணக்கே மிஞ்சுகிறது. அவ்வளைவுகளிடையே குடியிருப்போர் யாவர், அவர் விளைப்பது யாது, அவ்வழியை அமைத்தவர் எவர் என்பன காணப்படா.

வியட்நாமின் வடகோடியிலுள்ள ஹா ஜியாங் மலைப்பகுதியை நோக்குக. 2025இல் மாகாண எல்லைகள் மாற்றப்பட்டபோது இது துயென் குவாங் மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. இன்று மோட்டார்ச் சைக்கிளிற் செல்வோர் விரைந்து நாடும் அம்மலைப்பாதைக்கு ‘மகிழ்ச்சிப் பாதை’ என்பது பெயர். 1959இல் தொடங்கி 1965இல் முடிந்த அவ்வேலையிற் பல இனக்குழுக்களைச் சேர்ந்த இளைஞர் ஈடுபட்டனர். மண்வெட்டியும் கடப்பாரையும் உளியுமே அவர்தம் முதன்மையான கருவிகள். மா பி லெங் என்னும் கணவாயின் செங்குத்தான பாறையிலே, இடுப்பிற் கயிறு கட்டித் தொங்கியவாறு, ஏறக்குறைய பதினொரு மாதம் பாறையைக் குடைந்து வழி செய்தனர். உயிர் நீத்தோரும் உளர். தொங் வான், மேயோ வாக் முதலிய ஊர்களில் வாழும் மோங் முதலிய மலைமக்கள் உப்புக்கும் மருந்துக்கும் நெடுந்தூரம் நடந்த நிலை அப்பாதையால் மாறிற்று. அதன் வழியே வண்டியோட்டிப் போகின்றவன் கீழே ஓடும் ஞோ கே ஆற்றின் பசுநிறத்தைப் பாராட்டுகிறான். பாராட்டட்டும், கயிற்றிலே தொங்கியவனையும் ஒரு வரியில் நினைத்தானாயின் அவன் எழுத்து நூலாகும்.

இவ்விடத்தில் உள்ளூர்ப் பேருந்தின் சிறப்பைக் கூறல் தகும். தாய்லாந்திலும் இலாவோசிலும் ‘சோங்தேவ்’ எனப்படும் வண்டி ஓடுகிறது. அச்சொல்லுக்கு ‘இரண்டு வரிசை’ என்பது பொருள். திறந்த சிறு பாரவண்டியில் எதிரெதிரே இரு பலகைகள் இட்டமையால் வந்த பெயர். அதில் ஏறியவன் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தே தீர வேண்டும். கோழிக்கூடையும் நெல்மூட்டையும் பள்ளிப்பிள்ளையும் அவன் முழங்காலோடு உரசும். சந்தைநாள் எது, மழை எப்போது தொடங்கும், எந்தப் பாலம் உடைந்தது என்பவற்றை அவன் கேளாமலே அறிவான். மோட்டார்ச் சைக்கிள் விரும்பிய இடத்தில் நிற்கும் உரிமையைத் தருகிறது. ஆயினும் அது தனிமையையும் தருகிறது. இரண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து. முதலிற் பேருந்து, பின்னரே மோட்டார்ச் சைக்கிள்.

பொதி சுமந்து மலை கடந்தோர் நம் இலக்கியத்துக்குப் புதியரல்லர். பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளாலான மலைவழிநூல் எனத் தகும். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இது கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். நன்னனிடம் பரிசு பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு வழி கூறுகிறான். அக்கூத்தர் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் காவிக்கொண்டு வருகின்றனர். அப்பைகள் பலாமரத்திற் கொத்தாய்த் தொங்கும் காய்களைப் போலுள்ளன என்கிறார் புலவர். ‘கலப்பை’ என்ற சொல் அங்கே உழுபடையன்று. கலம் இட்ட பை. (வகுப்பிலே இதனைச் சொன்னால் மாணவர் சிரிப்பர், சிரித்த பின் மறவார்.) முதுகுப்பொதிக்கு ஆங்கிலச் சொல்லையே வழங்கும் நம் இளைஞர் இதனை அறிந்துவைத்தல் நன்று.

அவன் கூறும் வழி வெறும் புகழ்ச்சியன்று. பன்றிக்கென வைத்த பொறிகள் உள்ளன, ஆதலால் இரவிற் செல்லற்க, விடிந்தபின் செல்க என்கிறான். தினைப்புனங் காப்போர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவர், மரத்தின் மறைவிலே ஒதுங்கிச் செல்க என்கிறான். பாசி படர்ந்து வழுக்கும் இடம் இது, பாம்பு உறையும் இடம் இது என்று சுட்டுகிறான். எந்தச் சிற்றூரில் எவர் உண்டி தருவர், அவ்வுண்டி யாது என்பதையும் விடாது சொல்கிறான். குறவர் இல்லத்துள் தம் இல்லம் போலவே தயங்காது புகலாம் என்கிறான். இவற்றுள் எம் உள்ளத்தை மிகக் கவர்வது வேறொன்று. வழி பிரியும் இடத்தை அடைந்தால், அவ்விடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். முன்னே செல்பவன் தன்னை மட்டும் நினைத்தானல்லன். பின்னே வருபவன் ஒருவன் உளன் என்னும் நினைவே ஆற்றுப்படையின் உயிர்நிலை.

அந்த நினைவு அண்மைக் காலத்திலும் நம்மிடையே இருந்தது. ஏ. கே. செட்டியார் உலகத்தைச் சுற்றினார். காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காக நாடு நாடாக அலைந்து செய்திப்படச் சுருள்களைத் திரட்டி, 1940இல் அதனை வெளியிட்டார். தாம் கண்டவற்றை எளிய சிறு வாக்கியங்களில் எழுதினார், தம்மை முன்னிறுத்தினாரல்லர். பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். இக்காலத்துப் பயணியின் எழுத்தில் ‘நான்’ என்னும் சொல் வரும் முறைகளை எண்ணினால், மே ஹோங் சோன் வளைவுகளின் தொகையை அது எளிதில் எட்டிவிடும்.

பூநகரியிலிருந்து இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ‘தொலைவிடம்’ என்னும் சொல் பார்ப்பவனுடையது; அங்கே வாழ்பவனுடையதன்று. இதனை நாம் நூலிற் கற்கவேண்டியதில்லை. கல்வித்துறை ஏடுகளில் வன்னிப் பாடசாலைகள் பல ‘கஷ்டப் பிரதேசம்’, ‘அதிகஷ்டப் பிரதேசம்’ என்றே வகுக்கப்பட்டுள்ளன. இங்கு நியமனம் பெறும் ஆசிரியர் சிலர் முதல் நாளிலேயே இடமாற்றத்துக்கு நாள் எண்ணத் தொடங்குவர். அதுவும் வளைவு எண்ணுதல் போல்வதே. மாணவனோ அக்கஷ்டப் பிரதேசத்திலே பிறந்து, மொட்டைக்கறுப்பன் சோறு உண்டு, வயலும் உவர்நிலமும் கடலும் சூழ வளர்ந்து, தன் ஊரைத் தன் வீடென்று மட்டுமே அறிகிறான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீண்ட காலம் நம் மக்களுக்கு வழி என்றால் ஓடும் வழி. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு. 2008இல் பூநகரியிலிருந்து கிழக்கு நோக்கி. உழவு இயந்திரப் பெட்டியிலும் சைக்கிளிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் குடும்பத்தையும் பாத்திரத்தையும் ஏற்றிச் சென்றோர்க்குப் பயணம் என்னும் சொல் இனிக்குமா? காண்பதற்கென்றே ஒருவன் வழி நடக்கலாம் என்பதை நம் வீடுகள் மெல்ல மெல்லத்தான் மீண்டும் பழகுகின்றன. ஆதலின் பொதி சுமந்து போகும் பிள்ளையை ‘ஊர் சுற்றி’ என்று கடியும் தாயின் அச்சத்தையும் நாம் எள்ளுதல் ஆகாது.

2011 ஜனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 288 மீற்றர் நீளமுள்ள அப்பாலம், ஒரு காலத்திற் பாதைப்படகு ஓடிய நீரேரியைக் கேரதீவுப் பக்கத்தோடு இணைத்தது. இப்போது மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வண்டிகள் முழங்காவிலையும் பூநகரியையும் விரைந்து கடக்கின்றன. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரித்த கோட்டையின் எச்சம் வழியருகே நிற்கிறது. இறங்கிப் பார்ப்போர் சிலரே. மண்ணித்தலையில் இடிந்து நிற்கும் பழைய சிவன்கோயிலைச் சோழர் காலத்தது என ஆய்வாளர் கூறுவர். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இப்பகுதியின் தொன்மையைப் பற்றிப் ‘பூநகரி தொல்பொருளாய்வு’ என்னும் நூலையே எழுதினார். அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு மாணவர் பேருந்தேறிச் செல்லும் நாளை ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வகுக்கலாகாதா?

சென்று வந்தவர்கள் ‘நாம் கண்ட இடம்’ என்று வழக்கமான கட்டுரை எழுதவேண்டா. பின்னே வரும் மாணவனுக்கு வழி எழுதட்டும். வாடியடிச் சந்தியிற் பேருந்து எப்பொழுது வரும், எப்பொழுது வராது; கௌதாரிமுனை வழியில் மோட்டார்ச் சைக்கிளின் சக்கரம் மணலிற் புதையும் இடம் எது; மாரியில் வெள்ளம் நிற்கும் தாழ்நிலம் எது; நன்னீர்க் கிணறு எங்கே, உவர்நீர்க் கிணறு எங்கே; வெயிலேறுமுன் எவ்வளவு தூரம் செல்லலாம்; எந்தத் துறையிலே கடற்றொழிலாளர் வலை திருத்தியிருப்பர், எவரிடம் கோயிலுக்கு வழி கேட்கலாம் என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். எழுதியதை அடுத்த ஆண்டு மாணவர் கையிற் கொடுத்து அனுப்பிப் பார்க்க. அவர்கள் வழி தப்பினால், தப்பிய இடத்தைக் குறித்து வந்து திருத்தட்டும்.