எதிரியின் வசவே சான்றிதழா?

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வருகிறது. கூடவே பழைய வசனம் ஒன்றும் வந்துவிடுகிறது: அவர் சம்பாதித்திருக்கும் எதிரிகளுக்காகவே அவரை நேசிக்கிறோம். 1884 ஜூலையில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், குரோவர் கிளீவ்லேண்டை ஆதரித்து விஸ்கான்சின்காரர் எட்வர்ட் பிராக் பேசியதன் சாரம் இது. இன்று இரு கட்சிக்காரர்களுக்கும் இது பொதுச்சொத்து. மறுகட்சிக்காரன் திட்டுகிறானா, அவரே நம் ஆள். பாராட்டுகிறானா, உடனே சந்தேகப்படு. யோசிக்கிற சிரமத்தையே மிச்சப்படுத்தும் அருமையான ஏற்பாடு. அமெரிக்கத் தேர்தலை அலசுகிற நம்மூர்த் தொலைக்காட்சி மேதைகளும் இதைச் சாணக்கிய சூத்திரம்போல எடுத்துவிடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பல வருஷத்து எரிச்சல், இன்று கொட்டிவிடுகிறேன்.

முதலில் அந்த மூல வசனத்தையே பார்ப்போம். பிராக் யாரை எதிரிகள் என்றார்? குடியரசுக் கட்சிக்காரர்களை அல்ல. நியூயார்க் நகர அரசியலைக் கைக்குள் வைத்திருந்த டாமனி ஹால் கூட்டத்தை. அவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நியூயார்க் ஆளுநராக இருந்த கிளீவ்லேண்ட் அவர்களுக்கு வளைந்துகொடுக்கவில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். சொந்தக் கட்சியின் ஊழல் பேர்வழிகளைப் பகைத்துக்கொண்டவரைப் புகழ்ந்த பேச்சு அது. அதை எடுத்து, எதிர்க்கட்சிக்காரன் வாயில் வருவதையெல்லாம் தலைகீழாக்கிப் படி என்கிற போதனையாக மாற்றிவிட்டார்கள்.

மாற்றியவர்கள் அந்தத் தேர்தலின் முடிவையாவது படித்திருக்கலாம். குடியரசுக் கட்சி நிறுத்திய ஜேம்ஸ் பிளெய்ன்மீது ரயில்வே பேரங்கள் தொடர்பான புகார்கள் இருந்தன. அதனால் அவருடைய கட்சியிலேயே மக்வம்ப் என்று கேலிசெய்யப்பட்ட ஒரு கூட்டம் பிரிந்து கிளீவ்லேண்ட் பக்கம் வந்தது. அந்தக் கட்சியின் முக்கியப் புள்ளி கார்ல் ஷுர்ஸ் வந்தார். குடியரசுக் கட்சியின் ஊதுகுழலாகவே இருந்த ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யும் அதன் கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்டும் வந்தார்கள். நியூயார்க் மாநிலத்தை கிளீவ்லேண்ட் வென்றது ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில். அந்த மாநிலத்தின் 36 தேர்வாளர் வாக்குகள் இல்லையென்றால் 219க்கு 182 என்ற அவருடைய வெற்றி அப்படியே கவிழ்ந்திருக்கும். எதிரிகளுக்காக நேசிக்கப்பட்டவர் அதிபரானது எதிர்முகாமில் சிலர் அவரை மதித்ததால். இதை எந்த மேடையிலும் சொல்லமாட்டார்கள், கைதட்டல் விழாது.

சரி, இந்தச் சூத்திரக்காரர்களின் வாதங்களுக்கு வருவோம். எதிரி பொய் சொல்வான் என்பது முதல் வாதம். நமக்குள் பலவீனமான ஆளைப் பாராட்டி நம் தலையில் கட்டிவிடுவான், வலுவான ஆளைத் திட்டித் தட்டிவிடுவான். ஆகவே அவன் சொல்வதைத் தலைகீழாக்கிக்கொள்வதே பாதுகாப்பாம். கேட்கப் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. இதற்கு நான் மிசூரிக்குப் போகவேண்டும். அதிபர் தேர்தல் இல்லை, செனட் தேர்தல்தான். ஆனால் இந்தச் சூத்திரத்தை அங்கே கிழித்ததைப் போல வேறெங்கும் கிழிக்கவில்லை.

2012. ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மக்காஸ்கில் தோற்கப்போகிறார் என்று எல்லாரும் எழுதிவைத்துவிட்டார்கள். அவரை எதிர்த்து நிற்க குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முக்கியமாக மூன்று பேர் மோதினார்கள். அவர்களில் டாட் அகினை வீழ்த்துவதுதான் எளிது என்று மக்காஸ்கில் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு என்ன செய்தார், அகினைப் பாராட்டினாரா? அவர் என்ன அசடா? திட்டினார். அகின் மிசூரிக்கே தாங்காத அளவுக்குப் பழமைவாதி என்று காசு கொடுத்து விளம்பரம் போட்டார். 17 லட்சம் டாலர்! உட்கட்சிப் பிரசாரம் முழுவதற்கும் அகின் செலவழித்ததைவிட அதிகமாக, கடைசி இரண்டு வாரத்தில் அகினுக்காகச் செலவழிப்பது என்பதுதான் திட்டம். பிற்பாடு 2015இல் அவரே இதை உல்லாசமாக எழுதினார்.

குடியரசுக் கட்சி வாக்காளர் வீட்டில் உட்கார்ந்து அந்த விளம்பரத்தைப் பார்க்கிறார். எதிரிக்கு இவ்வளவு எரிகிறதா, அப்படியானால் அகின்தான் அசல் சரக்கு என்று முடிவுகட்டுகிறார். சூத்திரம் சொன்னபடி அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டார். அகின் ஜெயித்தார். சில நாளிலேயே பாலியல் வன்முறையும் கருவுறுதலும் பற்றி வாயைத் திறந்து உளறி, நாடே காறித்துப்பும்படி ஆனார். நவம்பரில் அதே மிசூரியில், அதே வாக்குச்சீட்டில், அதிபர் போட்டியில் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி ஒபாமாவை 9 புள்ளிக்கு மேல் முந்தினார். மக்காஸ்கிலோ அகினை 15 புள்ளிக்கு மேல் முந்தினார்.

எதிரியின் பேச்சைத் தலைகீழாக்கிக் கேட்பவரும் எதிரியின் பேச்சைத்தான் கேட்கிறார். மாடு இடதுபக்கம் போகவேண்டுமானால் வலதுபக்கம் அதட்டினால் போதும் என்பது வண்டிக்காரனுக்குத் தெரியாதா? 2022இல் இதையே மொத்த வியாபாரமாக நடத்தினார்கள். இல்லினாயில் டாரன் பெய்லி, பென்சில்வேனியாவில் டக் மாஸ்ட்ரியானோ, மிச்சிகனில் ஜான் கிப்ஸ் என்று ஜனநாயகக் கட்சிப் பணம் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல்களுக்குள் பாய்ந்தது. மூவரையும் ‘திட்டி’ ஜெயிக்கவைத்து, நவம்பரில் மூவரையும் தோற்கடித்தார்கள். கிப்ஸிடம் தோற்ற பீட்டர் மெயர், டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த பத்துக் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சூதாட்டம் சில சமயம் ஆடியவர் தலையிலேயே விடியும். 1966இல் கலிபோர்னியா ஆளுநர் பாட் பிரவுன், தான் வீழ்த்தச் சுலபமான ஆள் சினிமா நடிகர் ரொனால்ட் ரீகன்தான் என்று நம்பினார்; ரீகனின் உட்கட்சிப் போட்டியாளரைக் கெடுக்கப் பிரவுனின் ஆட்கள் வேலை செய்தார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் ஓட்டில் பிரவுன் தோற்றார். 2015 ஏப்ரலில் ஹிலாரி கிளிண்டன் முகாமின் குறிப்பு ஒன்று, தூக்கிவிடத் தக்க எதிரணி வேட்பாளர்கள் என்று மூவரைச் சுட்டியது. டெட் குரூஸ், பென் கார்சன், இன்னொருவர் டொனால்ட் டிரம்ப். ஆக, யார் ஜெயிப்பார் என்ற கேள்விக்கு மறுகட்சிக்காரனின் ஆரூடம் நேராக வைத்தாலும் தலைகீழாக வைத்தாலும் உதவாது. அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி வேறு. அதற்குச் சொந்தக் கட்சிக்காரன் சாட்சி சொன்னால் பின்னால் ஒரு பதவி இருக்கலாம். மறுகட்சிக்காரன் நல்ல வார்த்தை சொன்னால் அவனுக்கு மிஞ்சுவது நஷ்டம் மட்டும்தான்.

எல்லாரையும்தான் திட்டுகிறார்கள், அதில் என்ன சேதி இருக்கிறது என்பது இரண்டாவது வாதம். 1964இல் ‘ஃபேக்ட்’ இதழ், குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் மனநிலை சரியில்லாதவர் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்களின் பெயரால் எழுதியதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரைச் சோதித்தே பார்க்காத மருத்துவர்கள். கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். எதிரியின் சொல்லை எடைபோடு என்று நான் சொன்னால் எல்லாவற்றையும் விழுங்கு என்றா பொருள்? 2008 அக்டோபரில் மினசோட்டாவின் லேக்வில் ஊர்க் கூட்டத்தில், ஒபாமா ஓர் அரேபியர், அவரை நம்பமுடியாது என்று ஒரு பெண்மணி சொன்னபோது குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மக்கெய்ன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் இருப்பது கொள்கை வேறுபாடு என்றார். கத்திக் கூச்சலிட்டது மக்கெய்னின் சொந்தக் கூட்டம். தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், தோற்றுக்கொண்டிருந்தவர் சொன்ன சொல் அது. ஒபாமாவைப் பற்றி ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பொழிந்த புகழ்மாலைகளோடு இதையும் ஒரே தராசில் போடச் சொல்கிறார்களா?

2024இல் குடியரசுக் கட்சிக்காரரான லிஸ் செய்னி விஸ்கான்சினின் ரிப்பன் நகரில் கமலா ஹாரிஸோடு மேடையேறியும் ஹாரிஸ் தோற்றாரே என்பார்கள். தோற்றார். மக்கள் கேட்கவில்லை என்பதால் கேட்டிருக்கக்கூடாது என்றாகிவிடாது.

மிச்சமிருப்பது, எப்படியும் நமக்கு ஓட்டுப் போடாதவர்கள் என்ன நினைத்தால் என்ன என்ற அலட்சியம். குடியரசுக் கட்சி அதிபர் ஐசன்ஹோவர் ஆண்ட எட்டு ஆண்டுகளில் கடைசி ஆறும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சி வசம். 1956இல் நாடு முழுக்க நெடுஞ்சாலை போடும் சட்டம் வந்தது அந்த அவைகள் வழியாகத்தான். அவரைத் தங்கள் வேட்பாளராக நிற்கச் சொல்லி 1948இல் ஜனநாயகக் கட்சியில் ஒரு பகுதியினரே பின்னால் அலைந்தார்கள். எதிரிக்குப் பிடித்தவரைச் சந்தேகி என்ற விதிப்படி 1952இல் குடியரசுக் கட்சிக்காரர்கள் அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக வெள்ளை மாளிகைக்குள் காலடி வைக்கமுடியாமல் இருந்த கட்சி; விதியெல்லாம் அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.