பாதசாரியின் உயிரும் மோட்டாரின் வேகமும்

பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் 44-ஆவது தேசீய நெடுஞ்சாலை அந்த ஜில்லாவுக்குப் பெருஞ் செல்வத்தைக் கொணர்ந்தது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஓசூரிலேயே உற்பத்தியாகின்றன. ஆயினும் அவற்றைச் செய்யும் தொழிலாளி, வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கிச் சாலையின் மறுபுறம் சேர்வது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருக்கிறது.

இந்தியா முழுவதிலும் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துக்களில் மாண்டவர் 1,68,491 பேர்; அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். மொத்த மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை அதிவேகத்தால் நேர்ந்தவை என்று சர்க்கார் அறிக்கையே கூறுகிறது.

விபத்து நேர்ந்ததும், “நடந்து வந்தவன் திடீரென்று குறுக்கே வந்துவிட்டான்” என்பார்கள். பாதசாரிக்கும் ஜாக்கிரதை வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவனது அவசரம் பெரும்பாலும் அவனையே கொல்லும். மோட்டார் ஓட்டுகிறவனது அவசரமோ பிறரைக் கொல்லும். எவனிடம் வலிமை மிகுதியோ அவனிடமே பொறுப்பும் மிகுதி.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 14 மீட்டர் ஓடுகிறது; 100 கிலோமீட்டரில் 28 மீட்டர். ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் கடந்துவிடும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நிதானமாக வருகிறவனுக்கே திடீரென்று நேர்வதைச் சமாளிக்க இயலும்.

இவ்வுண்மைக்கு மாறாக, 2018-ல் மத்திய சர்க்கார் வேக வரம்பை உயர்த்தியது. நான்கு வழிச் சாலைகளில் கார்களுக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி கிடைத்தது. அந்த உத்தரவை 2021-ல் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. வேகமே விபத்துக்கு முக்கிய காரணமாயிருக்க, நல்ல சாலையும் உயர்ந்த எஞ்சினும் விபத்தை எவ்விதம் குறைக்கும் என்று நீதிபதிகள் வினவியது நியாயமே.

ஓட்டுகிறவனை மாத்திரம் தண்டித்து முடித்துவிடலாகாது. நேரத்தைக் குறித்து அவனை விரட்டும் முதலாளிக்குப் பங்கில்லையா? ஊரை இரண்டாகப் பிளந்து சாலை போட்டு, கடக்க வழி வைக்காத அதிகாரிக்குப் பங்கில்லையா? சாலை அமைப்பின் குறையால் மரணம் நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இடந்தருகிறது. ஏட்டிலுள்ள இப்பிரிவு ஓசூர்ச் சாலையில் உயிர் பெற வேண்டும்.

ஆலை வாயில்களிலும் கிராமங்களிலும் வேகத்தைக் குறைத்து, அதைக் காமிராக்களால் அமல்படுத்துக. முதியோரும் சுமை தூக்கிச் செல்வோரும் சுற்றாமல் கடக்கத்தக்க வழிகளை அமைத்திடுக. தொழிற்சங்கத்தாரும் உள்ளூர் ஊழியர்களும் கூலி உயர்வுக்குக் கிளர்ச்சி செய்வதுபோலவே இக்கோரிக்கைக்காகவும் கிளர்ச்சி செய்ய வேண்டும். கூலி வாங்கியவன் உயிரோடு வீடு சேர்ந்தால்தானே கூலிக்குப் பயன்?