பெரியப்பாவின் உறுதிப் பை



எங்கள் பெரியப்பாவிடம் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே காணி உறுதிகள், தோம்புப் பிரதி, நாலாய் மடித்து மடிப்பில் கிழிந்த நில அளவைப் படம். தவணை நாளில் விடியவே முழுகி, திருநீறு பூசி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். பின்னேரம் திரும்பினால் பெரியம்மா கேட்பது ஒரு சொல்தான்: "எப்ப?" அவர் அடுத்த திகதியைச் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போவார். வழக்கு ஒன்பது குழி நிலத்துக்கும் ஒரு கிணற்றுப் பங்குக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பது வேறு கதை.

இத்தகைய பங்கு வழக்குகளுக்கான 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தைப் பிற்காலத்தில் புரட்டியபோது 81ஆம் பிரிவில் நின்றுவிட்டேன். வழக்கு நடக்கையில் தாம் இறந்துபோனால் தமக்குப் பதிலாக நிற்பவர் யாரென்று தரப்பினர் எல்லோரும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சட்டம் எழுதியவர்களுக்கு நம் வழக்குகளின் ஆயுள் தெரிந்திருக்கிறது! பெரியப்பா மூத்த மகனின் பெயரை எழுதினார். அண்ணா இப்போது கனடாவில்; பை எங்கள் அலுமாரியில்.

வழக்குகள் இப்படி இழுபட, கொழும்பு சும்மா இருக்கவில்லை. 2017இல் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையைத் திருத்தி, விளக்கத்துக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு வழக்கைச் சுருக்க வழிசெய்தார்கள். 2020இல் அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் உயர் நீதிமன்ற நீதியரசர்களை 11இலிருந்து 17 ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 12இலிருந்து 20 ஆகவும் கூட்டியது. நல்லதுதான். ஆனால் பெரியப்பாவின் வழக்கு அந்த மேல்மாடிகளுக்குப் போனதேயில்லை. கீழேயே, விளக்கத்தின் நடுவில் நீதிபதிக்கு இடமாற்றம், பங்காளி ஒருவருக்கு லண்டனில் அறிவித்தல் சேரவில்லை, நில அளவையாளரின் அறிக்கை வரவில்லை என்று தவணை மேல் தவணையாய்ப் போனது.

பெரியப்பாவின் வழக்கு இழுபட்ட இதே யாழ்ப்பாணத்தில்தான் புங்குடுதீவு மாணவியின் கொலை வழக்கும் நடந்தது. 2015 மே மாதக் கொலை. 2017 ஜூனில் மூன்று நீதிபதிகள் அமர்ந்த ட்ரயல் அட் பார் விளக்கத்தைத் தொடங்கியது. செப்டெம்பர் 27இல் தீர்ப்பு. விளக்கம் தொடங்கி மூன்றே மாதம். வேலி வழக்குக்கு மூன்று நீதிபதிகள் கேட்க நான் பைத்தியமில்லை. ஆனால் எடுத்த விளக்கத்தை அடுத்தடுத்த நாள்களில் கேட்டு முடிப்பதற்கு எத்தனை நீதிபதி வேண்டும்? ஒருவர் போதும், அவரை நடுவில் மாற்றாமல் விட்டால்.

நீதிமன்றத்துக்கு வெளியிலும் ஒரு வழி உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த மத்தியஸ்த சபைகளை, ஊரில் இணக்கசபை என்பார்கள், நாம் கொஞ்சம் இளக்காரமாய்ப் பார்க்கிறோம். ஒருமுறை உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாகப் போனேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் வாங்கு. சட்டத்தரணி இல்லை, செலவில்லை. கதியால் ஒரு முழம் தள்ளி நட்டது பற்றி அவரும் அவரின் மச்சாளும் முதல் அரை மணித்தியாலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு வசவு. பிறகு அழுகை. மத்தியானத்துக்குள் ஒப்பமிட்டார்கள், என் பேனையை வாங்கி.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பை இருக்கும். எழுதுங்கள். பெயர், ஊர் வேண்டாம். வழக்கு எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை நீதிபதிகள் மாறினார்கள், இப்போது பையை யார் வைத்திருக்கிறார். அவ்வளவு போதும்.

அன்புடன்,
ஆசிரியர்