பயணச்சீட்டில் இல்லாத செலவு

தொழில் நிமித்தமாக விமானத்தில் சென்றுவர என்ன செலவாகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் பயணச்சீட்டின் விலையையே சொல்வோம். கணக்கேட்டிலும் அதுவே ஏறுகிறது. உண்மையான செலவில் பெரும்பகுதி அந்தச் சீட்டுக்கு வெளியே இருக்கிறது என்பதே நம் கருத்து.

பெங்களூரில் சிறிய உதிரிபாகத் தொழிற்கூடம் நடத்தும் ஒருவர், ஒரு மணி நேரச் சந்திப்புக்காக டெல்லி சென்று அன்றே திரும்புவதாகக் கொள்வோம். காலை ஏழு மணி விமானத்துக்கு அவர் நான்கு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 2008ஆம் ஆண்டில் பெங்களூரின் விமான நிலையம் நகருக்குள்ளிருந்து தேவனஹள்ளிக்கும், ஐதராபாத்தினுடையது பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாதுக்கும் இடம்மாறின. நிலையங்கள் விரிந்தன, சாலையில் கழியும் நேரமும் உடன் வளர்ந்தது. பாதுகாப்புச் சோதனை வரிசை எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. மாதிரிப் பொருள்களின் எடை அனுமதித்த அளவைத் தாண்டினால் அதற்கும் தனிக் கட்டணம். அவர் வீடு திரும்பும்போது இரவு பதினொன்றரை மணி ஆகியிருக்கும். இந்தப் பத்தொன்பதரை மணி நேரத்தில் விமானத்தில் கழிந்தது ஏறக்குறைய ஐந்தரை மணி. வேலை நடந்தது ஒரு மணி. எஞ்சிய பதின்மூன்று மணி நேரமும் சாலைக்கும் வரிசைக்கும் காத்திருப்புக்கும் போயிற்று.

டாக்சிக் கட்டணத்துக்கு ரசீது உண்டு, உணவுக்கும் உண்டு. உரிமையாளரின் நேரத்துக்கு ரசீது இல்லை. அன்று அவர் பார்க்காத கொள்முதலும், கையெழுத்திடாத காசோலையும், மறுநாள் அவருக்கிருந்த அயர்ச்சியும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பெரிய நிறுவனம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஒருவரை நம்பி இயங்கும் சிறுதொழிலுக்கு இது நேரடி இழப்பு.

பயணமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புதிய வாடிக்கையாளரை முதன்முறை காண்பதற்கும், இயந்திரத்தை வாங்குமுன் பார்வையிடுவதற்கும், முறுகிய உறவைச் சீர்செய்வதற்கும் நேரில் செல்வதற்கு ஈடு இல்லை. ஆனால் பணி முன்னேற்றத்தை விளக்கவும், ஏற்கெனவே பேசி முடித்த விலையை உறுதிசெய்யவும் காணொளி அழைப்பே போதும். செல்வதானால், ஒரே நகரில் இரண்டு மூன்று சந்திப்புகளைச் சேர்த்து, ஓர் இரவு தங்கித் திரும்புவது பெரும்பாலும் சிக்கனமானது.

நமக்கு உரியதைக் கைவிடுவதும் ஒரு செலவுதான். சாதாரண வகுப்புப் பயணத்துக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, உயர் வகுப்புகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடு. வழக்கமான முறையில் பதிவு பெற்ற நிறுவனம், முன்பதிவின்போதே தன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வரி விலைப்பட்டியலைப் பெற்றால், தொழிலுக்கான பயணத்தில் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கோரலாம். 5 விழுக்காடு சிறிதாகத் தோன்றும். இருபது பயணங்களின் வரியைச் சேர்த்தால் ஒரு பயணத்தின் கட்டணம் கைக்கு வரும்.

2025 டிசம்பர் தொடக்கத்தில் நாடெங்கும் விமானங்கள் பெருமளவில் ரத்தானதை மறந்திருக்க மாட்டோம். உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 என்னும் வரம்புகளுக்கு உட்பட்டு இழப்பீடு தர விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் வகைசெய்கின்றன. வானிலை போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களுக்கு இது பொருந்தாது. பயணி தம் தொடர்பு விவரத்தைச் சரியாகத் தந்திராவிட்டாலும் இழப்பீடு கிடையாது. முகவர் வழியாகச் சீட்டு எடுப்போர் பலர் இங்கேதான் தவறுகின்றனர்: பதிவில் இருப்பது முகவரின் கைப்பேசி எண், செய்தி அவருக்குப் போகிறது, பயணி நிலையத்தில் நிற்கிறார். ஆகவே நம் எண்ணே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த பயணத்திலிருந்து செலவுக் கணக்கில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்ப்போம். அதில் ரூபாய்க்குப் பதிலாக மணி நேரத்தை எழுதுவோம். மூன்று மாதம் கழித்து அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்த்தால், எந்தப் பயணம் தேவை, எது வெறும் வழக்கம் என்பது நமக்கே விளங்கிவிடும்.