அந்தக் கோட்டை யார் போட்டது?

அரசலாறு கடலில் சேரும் இடத்தில்தான் எங்கள் காரைக்கால் மீன்பிடித் துறைமுகம். போன வாரம் அங்கே ஒரு விசைப்படகின் டிரைவர் தன் ஜிபிஎஸ் கருவியைக் காட்டினார். உப்பு படிந்த திரையைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, அதில் ஓடிய இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோட்டின் மேல் விரலை வைத்தார். “இதத் தாண்டுனாப் புடிப்பாங்கண்ணே. யாரு போட்டா, எதுக்குப் போட்டாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.”

2025 ஜனவரி 28 விடியற்காலையில் நெடுந்தீவு அருகே, காரைக்கால் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை சுட்டது. 13 பேர் பிடிபட்டார்கள். இருவருக்குப் பலத்த காயம். டெல்லி, இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டித்தது. துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிட்டது என்றது இலங்கை. அந்தக் கண்டிப்புக்கு என்ன பலன் கிடைத்தது? டிரைவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

கச்சத்தீவு என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1974 ஒப்பந்தத்தில் அது இலங்கைக்குக் கைமாறியபோது, நம் மீனவர்களும் யாத்திரை போகிறவர்களும் முன்போலவே அங்கே போய்வரலாம் என்று எழுதினார்கள். 1976 மார்ச்சில் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதமோ, ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றது. இன்று எங்கள் ஆள்களை மறிப்பது அந்த இரண்டாவது ஏற்பாடுதான். அதை எந்த மேடையிலும் யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அவர்களே, 20 ஆண்டுகளில் 6,184 மீனவர்கள் பிடிபட்டார்கள், 1,175 படகுகள் போயின என்று 2024 ஏப்ரலில் நீங்களே கணக்குச் சொன்னீர்கள். அது தேர்தல் நேரம். கச்சத்தீவை விட்டுக்கொடுத்த பழைய தவறு யாருடையது என்பதை விரிவாகப் பேசினீர்கள். இனி என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் எங்களுக்கு வேண்டும். மறு ஆண்டு கொழும்பில் பிரதமர், மீனவர் விஷயத்தில் மனிதாபிமான அணுகுமுறை வேண்டும் என்றார். அப்படியென்றால் பிடிபட்ட படகு திரும்பி வருமா, வராதா?

கசப்பானதையும் சொல்லுங்கள். எங்கள் விசைப்படகுகள் இழுக்கும் இழுவைமடி வலையை 2017இல் இலங்கை தடை செய்துவிட்டது. நம் மடியில் சிக்கி வலை அறுந்து நிற்பவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர். இழுவைமடியை விடத்தான் வேண்டும் என்று டெல்லி நினைக்கிறதா? அப்படியானால் அதை எங்கள் முகத்துக்கு நேரே சொல்லட்டும். கடன் வாங்கிப் படகு கட்டியவன் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1ஆம் தேதி ஊரை ஒப்படைத்தும், சட்டப்படி நாங்கள் இந்தியாவாக 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தோம். ஒப்பந்தம் என்பது எங்களுக்குப் புதிது அல்ல; விளக்கினால் புரிந்துகொள்வோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆள்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த நாளில் ஒரு சாயங்காலம் எங்கள் மீனவ கிராமமான காரைக்கால்மேட்டுக்கு வாருங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கோட்டைப் பற்றித் தமிழிலேயே சொல்லுங்கள்.