எழுதலைன்னா நடக்கலை: சிவகாசி தீக்காய வார்டுக்கு மெடிக்கல் கோடிங் ஏன் வேணும்?

அமெரிக்காவில் ஒரு முதியவர். பக்கவாதம் வந்ததால் விழுங்க முடியவில்லை. வயிற்றில் சின்னத் துளை போட்டு, அதன் வழியே உணவுக் குழாய் வைத்திருக்கிறார்கள். குழாயைச் சுற்றிச் சீழ் பிடித்தால் அதற்கு ஒரு குறியீடு: கே94.22. ரத்தம் கசிந்தால் கே94.21. குழாய் சரியாக வேலை செய்யாவிட்டால் கே94.23. படுக்கையிலேயே பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினால், அந்தச் செயலுக்குத் தனியாக ஓர் எண்: 43762.

இதையெல்லாம் போடுவது யார்? பல நேரம் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர் பட்டதாரிகள். அவர்களில் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. அதே மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்து, மூக்கு வழியே டியூப் போட்டுப் படுத்திருக்கும் தொழிலாளிக்கு நடப்பதை யார் இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்கிறார்கள்? கேட்க வேண்டிய கேள்வி இது.

கோடிங் என்றால் என்ன?

மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோயையும் சிகிச்சையையும் உலகம் முழுக்கப் புரியும் எண்களாக மாற்றுவதுதான் மெடிக்கல் கோடிங். நோய்களுக்கான ஐசிடி பட்டியலை உலக சுகாதார நிறுவனம் வெளியிடுகிறது. அமெரிக்கா அதை விரித்து, 2015 அக்டோபர் முதல் தனக்கென ஒரு பதிப்பைப் பயன்படுத்துகிறது. அதில் சுமார் 70,000 குறியீடுகள்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே காதில் விழும் பாடம் ஒன்று உண்டு: 'சார்ட்ல எழுதலைன்னா அது நடக்கலை.' குழாய் பக்கத்தில் சீழ் இருப்பது கோடருக்குப் புரிந்தாலும், அது குழாயால் வந்த தொற்று என்று மருத்துவர் எழுதாவிட்டால் கே94.22 போட முடியாது. திருப்பிக் கேள்வி அனுப்ப வேண்டும்.

தீக்காயத்துக்கும் டியூபுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம். உடலில் 20 சதவீதத்துக்கு மேல் வெந்துபோனால், உடம்பு சக்தியை வேகமாக எரிக்க ஆரம்பிக்கும். தசை கரையும், புண் ஆறாது, கிருமித் தொற்று எளிதில் வரும். வாய், தொண்டை, மூச்சுப்பாதை வெந்திருந்தால் சாப்பிடவும் முடியாது. அதனால்தான் சீக்கிரமே மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு உணவு கொடுக்கிறார்கள்.

ஆனால் டியூபிலும் ஆபத்து உண்டு. இரைப்பைக்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அடைத்துக்கொள்ளலாம். நோயாளி புரளும்போது உருவிக்கொண்டு வரலாம். கொடுத்த உணவு எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. அதற்குக் குறியீடு ஜே69.0. தீக்காயத்தில் தப்பியவரை இது கொண்டுபோய்விடலாம்.

பேக்கேஜில் மறைந்துபோவது எது?

தமிழ்நாட்டில் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பேக்கேஜ் முறையில் நடக்கிறது. தீக்காயத்துக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. ஏழைக் குடும்பத்துக்கு இது நல்ல ஏற்பாடு. டியூபுக்குத் தனி பில் வராது. ஆனால் டியூப் எத்தனை முறை அடைத்தது, எத்தனை பேருக்கு நிமோனியா வந்தது என்பதை வைத்துப் பணம் வருவதில்லை. அதனால் அதை எழுதச் சொல்லி நெருக்குவதற்கும் ஆள் இல்லை.

விபத்தின் காரணத்துக்கும் இதே கதிதான். பட்டாசு வெடிக்கும்போது ஏற்படும் காயத்துக்கு ஐசிடியில் டபிள்யூ39. ஆலை வெடிவிபத்து வருவது டபிள்யூ40-ல். அடுத்த இலக்கம் இடத்தைச் சொல்லும்: வீடு என்றால் 0, தொழிற்கூடம் என்றால் 6. சிவகாசி வட்டாரத்தில் இந்த ஓர் இலக்கம் எவ்வளவு பெரிய விஷயம்! தீபாவளி அன்று கை சுட்ட சிறுவன், உரிமம் பெற்ற ஆலையில் கருகிய தொழிலாளி, வீட்டிலேயே திருட்டுத்தனமாகத் திரி சுற்றும்போது சிக்கிய பெண், இந்த மூவரையும் குறியீடும் இலக்கமும் சேர்ந்து பிரித்துக் காட்டும்.

தாமதமாக வரும் மரணங்கள்

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் வெடித்தபோது, பலி எண்ணிக்கை அன்றோடு நிற்கவில்லை. வார்டில் ஒவ்வொருவராக இறக்க, சில நாட்களில் அது 20-ஐ எட்டியது.

பத்து நாள் கழித்து இறப்பவரின் சான்றிதழில் என்ன எழுதுகிறார்கள் என்பது முக்கியம். 'இதயத் துடிப்பு நின்றது', 'கிருமித் தொற்று' என்று மட்டும் எழுதினால், புள்ளிவிவரத்தில் பட்டாசு ஆலையே காணாமல் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி, காயத்தால் வரும் மரணத்தில் அந்தக் காயத்தை உண்டாக்கிய சம்பவம்தான் மூலக் காரணம். 2023-ல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமும் மரணக் காரணச் சான்றை எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. இழப்பீடு கேட்டு அலையும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி பெரிய ஆதாரம்.

'டாக்டருக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?'

நியாயமான கேள்விதான். ஒரே நேரத்தில் பத்து ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது, எந்த மருத்துவரும் குறியீட்டுப் புத்தகத்தைத் திறக்க மாட்டார். அமெரிக்கக் கோடிங் முறையும் கோயில் பிரசாதம் அல்ல. அதன் முக்கிய வேலை காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் வாங்குவது. அந்தத் தலைவலியை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்துக்கு 70,000 குறியீடுகள் எதற்கு? ஒரு பக்கத் தாள் போதும். எத்தனை சதவீதக் காயம், எங்கே எப்படி நடந்தது, டியூப் போட்ட தேதி, டியூபால் வந்த பிரச்சினை, நிமோனியா, ரத்தத்தில் தொற்று. மருத்துவர் டிக் அடித்தால் போதும்; எண்ணாக மாற்றுவதை ஒரு கோடர் பார்த்துக்கொள்வார். எப்படி அடிபட்டது என்ற விவரம் ஏ.ஆர். காப்பியில் ஏற்கெனவே இருக்கிறது. அது காவல் நிலையத்துக்குப் போவதோடு நிற்காமல், கேஸ் ஷீட்டிலும் குறியீடாக ஏற வேண்டும்.

சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மோசமான நிலையில் இருப்பவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறார்கள். மூன்று இடத்திலும் ஒரே தாளைப் பயன்படுத்தினால், ஒரு வருடத்தில் பதில் தெரியும்: டியூபால் வந்த நிமோனியா எந்த வார்டில் அதிகம், அங்கே நர்ஸ் பற்றாக்குறையா, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் உணவு கொடுத்தார்களா?

வேலை தெரிந்த பிள்ளைகள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்குச் சொந்த ஊரில் சம்பளம் கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவே இல்லை. அடுத்த விபத்துக்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும்.