பிரேக் பெடல் கீழே இறங்கினா, பம்ப் அடிச்சுட்டு ஓட்டாதீங்க



தக்காளி சீசன் வந்தா நம்ம பக்கம் குட்டி யானைக்கும் பிக்கப்புக்கும் ஓய்வே கிடையாது. விடியறதுக்கு முன்னாடி கிரேடு ஏத்தி பாலக்கோடு மண்டிக்குப் போகணும். அந்த நேரத்துல வண்டி பட்டறையில நின்னா அன்னைக்குப் பறிச்ச காய் வீணாப் போகும். அதனாலதான் நம்ம ஆளுங்க பாதிப்பேர் வண்டி வேலையை வீட்டு வாசல்லயே பார்த்துக்கறாங்க. பிரேக் ஷூ மாத்தறது, வீல் சிலிண்டர்ல வாசர் போடறது, ஏர் எடுக்கறது எல்லாம் வேப்பமரத்தடியிலயே நடக்குது.

"விவசாயிக்கு எதுக்குய்யா இந்த வேலை, மெக்கானிக்கிட்ட விடுங்க" என்று சிலர் சொல்றாங்க. அதை நான் ஒத்துக்க மாட்டேன். கிணத்து மோட்டாரைக் கழட்டி மாட்டறோம், ஸ்பிரேயரைப் பிரிச்சு வாசர் போடறோம். படிச்சுப் பழகினா பிரேக் வேலையும் செய்யலாம். என் கோபம் வேற ஒண்ணு மேல. வேலை முடிஞ்சதும் பெடல் கொஞ்சம் கொஞ்சமா கீழே போகுது. "ரெண்டு தடவை பம்ப் அடிச்சா பிடிக்குதுல்ல, போதும்" என்று சொல்லிட்டு லோடு ஏத்திடறாங்க. இந்தப் பழக்கம்தான் ஆளைக் கொல்லும்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். பள்ளிக்கூடத்துல பாஸ்கல் விதி படிச்சிருப்போம். அடைச்சு வெச்ச திரவத்துல ஒரு இடத்துல அழுத்தினா அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும். பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர்ல இருக்கற பிஸ்டன் ஆயிலைத் தள்ளுது, அது பைப் வழியாப் போய் சக்கரத்துல ஷூவையோ பேடையோ அழுத்துது. ஆயில் சுருங்காது. அதனால எல்லாம் சரியா இருந்தா பெடல் ஒரு இடத்துல கல்லு மாதிரி நிக்கணும். நிக்காம இறங்குதுன்னா, ஆயில் எங்கேயோ வெளியே போகுது, இல்லேன்னா உள்ளேயே திரும்பி வருது, இல்லேன்னா பைப்ல காத்து இருக்குது.

"பெடல் சரியில்ல" என்று ஒரே வார்த்தையில சொல்லிடறோம். ஆனா அதுக்குள்ள நாலு வகை இருக்குது.

முதல் வகையில பெடல் ரொம்பக் கீழே போய்தான் பிடிக்கும். ஆனா பிடிச்சா கெட்டியா நிக்கும், ரெண்டாவது மிதியில மேலே வரும். இது பெரும்பாலும் பின் சக்கர டிரம்முல ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமா இருக்கறதால வர்றது. புது ஷூ போட்டுட்டு அட்ஜஸ்ட் பண்ணாம விட்டா இப்படித்தான். டிஸ்க் பேடு மாத்தினதும் முதல் சில மிதிக்கு பெடல் தரை தட்டறதும் சகஜம். பிஸ்டனை உள்ளே தள்ளிட்டோம், அது வெளியே வர ஆயில் வேணும். ஆனா அதை வண்டி நிக்கும்போதே மிதிச்சு சரி பண்ணிடணும், தெருவுல இறங்கி இல்ல.

ரெண்டாவது, பெடல் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும், பம்ப் அடிச்சா ஏறும். இது காத்து. சொட்டு நீர் பைப்புல காத்து அடைச்சா கடைசிச் செடிக்குத் தண்ணி போகாது இல்லையா, அதே கதை. காத்து சுருங்கும், நம்ம மிதியை அதுவே தின்னுடும்.

மூணாவது, மிதிச்சு அப்படியே காலை வெச்சிருந்தா மெதுவா, தானாவே கீழே இறங்கும். இதுதான் ஆபத்தான வகை. இதைப் பத்திதான் இன்னைக்கு அதிகம் சொல்லப் போறேன்.

நாலாவது நோயே இல்ல. காலை மிதிச்சு வெச்சுக்கிட்டு இன்ஜின் ஸ்டார்ட் பண்ணினா பெடல் கொஞ்சம் இறங்கி நின்னுடும். அது பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இதைப் பார்த்துப் பயந்து மாஸ்டர் சிலிண்டரையே மாத்தினவங்களும் இருக்காங்க.

வகை தெரிஞ்சுக்க ஒரு நிமிஷம் போதும். சமதரையில வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைச்சுடுங்க. பெடலை அஞ்சாறு தடவை மிதிச்சா பூஸ்டர்ல இருக்கற வேக்கம் தீர்ந்திடும். அப்புறம் காலை ஒரே அழுத்தமா வெச்சு ஒரு நிமிஷம் பாருங்க. நின்னா நல்லது. இறங்கினா அந்த வண்டி அன்னைக்கு ரோட்டுக்குப் போகக் கூடாது. இது என் முடிவான கருத்து, இதுல பேச்சுக்கே இடமில்ல.

இறங்கினா அடுத்து என்ன? ஆயில் டப்பாவுல கோடு போட்டு வெச்சு, மட்டம் குறையுதான்னு பாருங்க. நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம், ரப்பர் ஹோஸ், பைப் சேரும் நட்டு, காலிப்பர்ல இருக்கற செம்பு வாசர், பிளீடர் நிப்பிள், எங்கேயாவது ஈரம் இருக்குதான்னு விரல் வெச்சுத் தடவுங்க. பழைய செம்பு வாசரையே திரும்பப் போட்டா கசியறதுக்கு வாய்ப்பு அதிகம். மாஸ்டர் சிலிண்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவுலயும் பாருங்க. அங்கே கசிஞ்சா ஆயில் பூஸ்டருக்குள்ள போயிடும், வெளியே சொட்டுகூடத் தெரியாது.

எங்கேயும் ஈரமில்ல, மட்டமும் குறையல, ஆனா பெடல் இறங்குதுன்னா மாஸ்டர் சிலிண்டர் உள்வாசர் போயிருக்குன்னு சந்தேகப்படணும். நம்ம ஊர் அடிபம்பை நினைச்சுப் பாருங்க. வாசர் தேஞ்ச பம்பை வேகமா அடிச்சா தண்ணி வரும், மெதுவா அடிச்சா வராது. ஏன்னா மெதுவா அடிக்கும்போது தண்ணி வாசரைத் தாண்டி கீழேயே இறங்கிடும். பிரேக்கும் அப்படித்தான். டக்குனு மிதிச்சா பிடிக்கும், சிக்னல்ல மெதுவா மிதிச்சு நின்னா இறங்கும். "பம்ப் அடிச்சா பிடிக்குதே" என்று சொல்றது நல்ல செய்தி இல்லங்க, அதுதான் நோயோட அடையாளம்.

எனக்கு மச்சான் முறை ஒருத்தர் போன வருஷம் பின் சக்கரம் ரெண்டுக்கும் வீல் சிலிண்டர் மாத்தினார். அடுத்த நாள் பெடல் இறங்க ஆரம்பிச்சது. அஞ்சு தடவை ஏர் எடுத்தார், ஆயில்தான் காலியாச்சு. "காத்து இன்னும் இருக்குது மச்சான்" என்று அவர் சொல்ல, "காத்து இருந்தா பெடல் அமுங்கி நிக்கும், இப்படி இறங்கிக்கிட்டே போகாது, மாஸ்டரைப் பாரு" என்று நான் சொன்னேன். மாஸ்டர் சிலிண்டர்ல பைப்பைக் கழட்டிட்டு, திரெட் சரியா இருக்கற பிளக் வெச்சு வாயை அடைச்சுப் பார்த்தோம். இப்போ பெடல் கல்லு மாதிரி நின்னா மாஸ்டர் நல்லா இருக்குது, கோளாறு அதுக்குக் கீழே எங்கேயோன்னு அர்த்தம். அவருக்கு அப்பவும் இறங்குச்சு. மாஸ்டரை மாத்தினதும் சரியாச்சு.

நல்லா இருந்த மாஸ்டர் ஏன் அந்த நேரம் பார்த்துப் போச்சு? தினம் ஓட்டும்போது பிஸ்டன் பாதி தூரம்தான் போகும். மீதி இடத்துல வருஷக்கணக்கா துருவும் கசடும் படிஞ்சிருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கறோம். வாசர் அந்தத் துருவுல உரசிக் கிழிஞ்சுடும். இதுக்கு எளிய வழி, பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வெச்சுட்டு ஏர் எடுக்கறது. டப்பாவுல ஆயில் தீர விடக் கூடாது. நிப்பிள் மேல்பக்கம் இருக்கணும். காலிப்பரை இடம் வலம் மாத்தி மாட்டினா நிப்பிள் கீழே வந்துடும், எத்தனை தடவை எடுத்தாலும் காத்து போகாது.

ஆயில் விஷயத்துல இன்னொரு எச்சரிக்கை. மூடியில எது எழுதியிருக்கோ அதுதான் ஊத்தணும். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊத்தினா, மண்ணெண்ணெயில வாசரைக் கழுவினா, ரப்பர் உப்பிப் போகும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினதுக்கு 140 டிகிரிதான் கணக்கு. இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா அந்தச் சூடு சுலபமா வரும். ஆயில் கொதிச்சு ஆவியானா பெடல் காலோட கீழே போயிடும். அதனால திறந்து வெச்ச பழைய டப்பா ஆயிலை மிச்சம் பிடிச்சு ஊத்தாதீங்க.

இறக்கம்னு சொன்னா நமக்கு தொப்பூர் கட்டமேடுதான். 2020 டிசம்பர் 12-ல ஒரு லாரி பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல மோதி நாலு பேர் போனாங்க. 2024 ஜனவரி 24-ல பாலத்து மேல திரும்பவும் நாலு பேர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேற வேறயா இருக்கலாம். ஆனா அந்த இறக்கம் பிரேக்கைச் சோதிக்கற இடம்ங்கறது நமக்குத் தெரிஞ்சதுதான். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டு இன்ஜினை அணைச்சு இறக்கறவங்க இன்னும் இருக்காங்க. இன்ஜின் ஓடலேன்னா ரெண்டு மூணு மிதியோட பூஸ்டர் உதவியும் போச்சு. ஏற்கெனவே இறங்கற பெடலோட அங்கே போனா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

அதுவும் நம்ம வண்டியில காய் மட்டுமா போகுது? காலையில களை எடுக்கப் போற பொம்பளைங்க அதே வண்டியில பின்னாடி நின்னுட்டு வர்றாங்க. சரக்கு வண்டியில ஆளை ஏத்தறது சட்டப்படி தப்பு, ஆனா நடக்குது. "பம்ப் அடிச்சா போதும்" என்று முடிவு பண்றது டிரைவர் ஒருத்தர். அதுக்கு விலை குடுக்கறது பின்னாடி இருக்கற பத்துப் பேர். அவங்ககிட்ட யாரும் சம்மதம் கேக்கறதில்ல.

பட்டறைக்காரங்களையும் ஒண்ணு கேக்கணும். சில இடத்துல வண்டியைப் பார்க்காமயே "செட்டா மாத்திடுங்க" என்று சொல்றாங்க. அந்தச் செலவுக்குப் பயந்துதான் ஆளுங்க வீட்டுல பண்றாங்க. எது கெட்டுப் போச்சுன்னு காட்டி மாத்தினா யாரும் காசு குடுக்க மறுக்க மாட்டாங்க. அரசு ஐடிஐயில மோட்டார் மெக்கானிக் பாடம் நடக்குது. வருஷத்துக்கு ஒருநாள் சீசனுக்கு முன்னாடி நம்ம மாதிரி ஆளுங்களைக் கூப்பிட்டு பிரேக் பார்க்கறது எப்படின்னு காட்டினா எவ்வளவோ நல்லது.

அதுவரைக்கும் வீட்டுல வேலை பண்றவங்க இதை மட்டும் பழகிக்கோங்க. வேலை முடிஞ்சதும் ஒரு நிமிஷம் மிதிச்சு வெச்சுப் பாருங்க. நின்னா, ஊருக்குள்ள காலி வண்டியை மெதுவா ஓட்டிப் பார்த்துட்டு, சாயங்காலம் திரும்பவும் ஈரம் பாருங்க, அப்புறம் லோடு ஏத்துங்க. இறங்கினா சாவியைக் கழட்டி வீட்டுக்குள்ள வெச்சுடுங்க. அன்னைக்குக் காய் வேற யார் வண்டியிலயாவது போகட்டும். வாடகை நாலு காசு போனாலும் பரவாயில்லைங்க.